எழுதித் தந்த கதைக்கு வெளியே: படிப்பக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய படிப்பக நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற வியாழக்கிழமை நீங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள் என் ஜெராக்ஸ் கடையில்தான் அச்சானது. செயலாளர் அண்ணன் பென்டிரைவில் கொண்டுவந்து இரண்டு பிரதி கேட்டார். எடுத்துக் கொடுக்கும்போதுதான் வாசித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சில்லறையை எண்ணிக்கொண்டு நின்றார்.

அதில் இருந்தது இதுதான். படிப்பகப் பின்னறையில் நான் நடத்தும் சனிக்கிழமை கதைமேசையில் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகும் கதையை முழுவதும் எழுதி, இரண்டு நாள் முன்னதாகவே அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த கதைக்கு வெளியே எதுவும் பேசக்கூடாது. பகடை உருட்டுவது சூதாட்டத்தின் சாயலில் இருப்பதால் இனிமேல் கூடாது. பகடைப் பெட்டி அன்று மாலையே பீரோவுக்குள் போய்விட்டது. இந்த மூன்றையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பெற்றோர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

முடிவுக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் முன்னால் எங்கள் ஆட்டம் எங்கேயோ போய்விட்டது. அவர் கிளம்பும்வரை புதையல் அறை திறக்கப்படவே இல்லை. பிள்ளைகள் சிலர் மேடையிலேயே அழுதார்கள். "தயாரிப்பே இல்லாமல் வந்து வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த ஆட்டம் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மூன்று வருடத்தில் குழுவிலிருந்து ஒருவர்கூட அந்தப் பின்னறையில் முழு ஆட்டத்துக்கு உட்கார்ந்ததில்லை.

இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடுவது. ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். நான் பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாத்திரம் உண்டு. ஒருத்தி வைத்தியச்சி, ஒருவன் படகோட்டி, இன்னொருத்தி பூட்டுத் திறப்பவள், ஒருவன் சமையல்காரன். மற்றதெல்லாம் நான். மழை, காவல்காரன், சந்தைக்காரி, யானை எல்லாம் நான்தான் பேச வேண்டும். "இருட்டிவிட்டது, கோட்டை வாசலில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள், என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் பகடை உருளும். அதற்குமேல் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தயாரிப்பு இல்லை என்றீர்கள். புதன்கிழமை இரவு கடையை அடைத்தபின் இரண்டு மணி நேரம் நான் அதற்குத்தான் உட்காருகிறேன். என் நோட்டுப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வலதுபக்கத்தில் இன்னும் பயன்படுத்தாத பெயர்கள் இருபது இருக்கும், ஏனென்றால் பிள்ளைகள் வழியில் போகிற எவரிடமும் நின்று பெயர் கேட்பார்கள். அதன் கீழே அந்த வாரக் கதையில் வரும் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே இரண்டே வரி: இவருக்கு என்ன வேண்டும், இவர் எதற்குப் பயப்படுகிறார். சந்தையில் உலவும் மூன்று வதந்திகள், அதில் ஒன்று பொய். பிள்ளைகள் எதுவுமே செய்யாமல் இருந்தால் வில்லன் எந்த நாளில் எதைச் செய்து முடிப்பான் என்ற கணக்கு. இடதுபக்கம் காலியாக இருக்கும். பிள்ளைகள் செய்வதை எழுதுவதற்கான பக்கம் அது, சனிக்கிழமைக்கு முன் அதில் நான் பேனா வைப்பதில்லை.

நீங்கள் கேட்பது அந்த இடதுபக்கத்தையும் வியாழக்கிழமைக்குள் நிரப்பித் தரச் சொல்லித்தான்.

அது நிரம்பாமல் இருந்ததால் என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு சனிக்கிழமையை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் வருடம், நல்ல மழைக்காலம். மலையடிவாரக் கதை ஒன்றுக்கு வரைபடம் வரைந்து எட்டு பிரதி எடுத்தேன். மெஷினில் டிரம் தேய்ந்துபோயிருந்தது. தாளின் மேலிருந்து கீழ்வரை இரண்டு விரல் அகலத்துக்கு மை ஒட்டாமல் வெள்ளைப் பட்டை விழுந்துவிட்டது. பிள்ளைகள் கடக்க வேண்டிய பாலமும் அதன் சுங்கக்காரனும் அந்தப் பட்டைக்குள் காணாமல் போயிருந்தார்கள். மணி மூன்றே முக்கால். வேறு எடுக்க நேரமில்லாமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டேன்.

வைத்தியச்சியாக ஆடும் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த ஆத்துக்கு என்ன பேரு? ஏன் வெள்ளையா கெடக்கு?" என்றாள்.

"ஆறு இல்ல மக்களே, மெஷின் கோளாறு" என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் பாலத்தைக் கடந்திருப்பார்கள். சொல்லவில்லை. "நீங்க சொல்லுங்க, ஏன் வெள்ளையா இருக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன் யோசிக்கவே இல்லை. "ரப்பர் பால் ஓடுது" என்றான். சரி, ரப்பர் பால் ஓடுகிற ஆறு. கரையெல்லாம் பிசுபிசுப்பு, துடுப்பு போட்டால் ஒட்டிக்கொள்கிறது, வள்ளம் நகராது. இதை எப்படிக் கடப்பீர்கள்? எனக்கே விடை தெரியாது. பாலம்தான் போய்விட்டதே.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணே வாயைத் திறந்தாள். "பாலுதானே. ஆசிட் விட்டா உறஞ்சிரும்லா. எனக்க அப்பா டிஷ்ஷுல ஊத்தி அப்படித்தான் உறைய வைப்பாரு." அவள் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே அவருடன் தோட்டத்துக்குப் போய்ச் சிரட்டையிலிருந்து பால் எடுக்க உதவுகிற பிள்ளை அவள். கதை நடக்கும் காலத்தில் பார்மிக் ஆசிட்டுக்கு எங்கே போவது? மூட்டையில் என்ன இருக்கிறது என்று பாத்திரத் தாளைப் பார்த்தார்கள். சமையல்காரனிடம் ஒரு உருண்டை புளி இருந்தது. புளிப்பும் ஆசிட்தானே என்று ஒருவன் சொல்ல, கரைத்து ஊற்றினார்கள். 20 முகப் பகடையில் 15-க்கு மேல் விழ வேண்டும் என்றேன். 17 விழுந்தது.

அதற்குப்பின் ஐந்து நிமிடம் கதையை நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். எந்த இடத்தில் முதலில் கெட்டிப்படும், மேலே தோல் பிடித்தாலும் உள்ளே எப்படிக் குழகுழவென்று இருக்கும், மிதித்தால் எப்படி அமுங்கி மேலே வரும், அந்தப் புளித்த வாடை எப்படி மூக்கில் ஏறும். எல்லோரும் கைகோத்து அந்த வெள்ளை ஷீட்டின்மேல் நடந்து அக்கரை சேர்ந்தார்கள். அடுத்த வாரம் அவள் ஒரு கட்டி ஒட்டுப்பால் கொண்டுவந்தாள். கடலோரத்துப் பிள்ளைகள் அதை முகர்ந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மேசையில் மலைச் சங்கதி எது வந்தாலும் இன்றைக்கும் எல்லோரும் அவள் பக்கம்தான் திரும்புகிறார்கள்.

உங்கள் விதி அன்றைக்கு இருந்திருந்தால், வியாழக்கிழமையே பாலமும் சுங்கக்காரனும் எழுதிக் கொடுக்கப்பட்டிருப்பார்கள். ஆறு ஏன் வெள்ளையாக இருக்கிறது என்ற கேள்விக்கு, "அது தாளில் இல்லை" என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

இந்த ஆட்டம் பிறந்ததே இப்படித்தான். 1969-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நண்பர்களுக்காக ஒரு போர் விளையாட்டு ஏற்பாடு செய்தார். நெப்போலியன் காலம், ப்ரௌன்ஸ்டைன் என்றொரு கற்பனை ஊர். ஊரில் இருக்கும் ஆட்களாக ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் கொடுத்தார். நண்பர்கள் அவர் திட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. அவரவர் பாத்திரமாகவே ஊருக்குள் நடமாடவும் தங்களுக்குள் சூழ்ச்சி செய்யவும் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்கு நின்றார்கள். அதற்கு விதியே இல்லாததால் அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்கிச் சமாளித்தார். ஆட்டம் குழம்பித் தோற்றுவிட்டது என்றுதான் வெஸ்லி நினைத்தார். நண்பர்களோ இன்னொன்று நடத்து என்று விடாமல் கேட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் அதே வழியில் சொந்தமாக ஓர் உலகத்தைக் கட்டினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் வெளியிட்டதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேம். வெஸ்லியிடம் அன்று எழுதித் தந்ததற்கு வெளியே பேசாதே என்று யாரும் சொல்லாததால்தான் இன்று நம் பின்னறையில் எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவரை போவானேன். நீங்கள் எல்லோரும் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள். புலவருக்குக் கதையின் கட்டு முழுவதும் மனப்பாடம். ஆனால் பூசை நேரம் நெருங்கினால் அவரே சுருக்குகிறார். சாமியாடிக்கு அருள் வந்துவிட்டால் அந்த இடத்தை விட்டு நகராமல் வேகத்தைக் கூட்டி நிறுத்திப் பாடுகிறார். குடம் அடிக்கிறவர் புலவரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார், அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்பது அங்கேதான் தெரியும். நம் மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தில் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து பேசும் பேச்சு ராமாயணத்தின் எந்த ஏட்டில் இருக்கிறது? அன்றைக்கு அந்த ஊரில் நடந்ததைத்தானே அவர்கள் பேசுகிறார்கள். அவர்களிடம் போய் எழுதித் தா என்று யாரும் கேட்பதில்லை. அந்த மரபில் வந்த ஊரில் எங்களிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

இனி பகடை. எங்கள் பெட்டியில் 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் இருக்கின்றன. 10 முகத்தை விட்டுவிட்டால் மீதி ஐந்தும் கணக்குப் புத்தகத்தில் வரும் ஒழுங்குத் திண்மங்கள். 1974-ல் ஆட்டத்தை வெளியிட்டவர்களுக்கே இந்தப் பகடைகள் பள்ளிக்கூடங்களுக்குக் கணக்குக் கருவி விற்ற இடத்திலிருந்துதான் கிடைத்தன. எங்கள் மேசையில் காசு வைப்பதில்லை, பந்தயம் கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் என்று ஒருவரும் இல்லை. நம் வீடுகளில் பாட்டிமார் புளியங்கொட்டையைத் தேய்த்துத் தாயம் ஆடினார்கள், அதை யாரும் சூதாட்டம் என்று சொல்லவில்லை. 20 முகப் பகடை ஒன்றில் 20 விழ வாய்ப்பு இருபதில் ஒன்று என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டு பகடை உருட்டி அதில் பெரியதை எடுத்துக்கொண்டால் 20 கிடைக்கும் வாய்ப்பு என்ன என்று போன வருடம் ஒரு சண்டை வந்தது. இரண்டு மடங்கு, அதாவது 400-ல் நாற்பது என்றான் ஒருவன். கரும்பலகையில் இருபதுக்கு இருபது கட்டம் போட்டு எண்ணினார்கள். 400-ல் 39 வந்தது. அந்த ஒன்று எங்கே போனது என்று கண்டுபிடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆனது. இரண்டிலும் 20 விழுகிற கட்டத்தை இரண்டு முறை எண்ணியிருக்கிறோம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்தாள்.

பகடையில் இன்னொன்றும் இருக்கிறது. 1 விழுந்தால் "தோத்துட்ட, அடுத்த ஆள்" என்று நான் சொல்வதில்லை. "எப்படிக் கெட்டுப்போச்சு, நீயே சொல்லு" என்பேன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த 1741 குளச்சல் போரை வைத்து ஒரு கதை நடத்தினோம். டச்சு முகாமுக்குள் நுழைந்து ஒரு கடிதத்தை எடுத்து வர வேண்டும். ஊர்ந்து போனவனுக்கு 1 விழுந்தது. "தும்மிட்டேன்" என்றான். கூடாரத்தில் தூங்கிய டச்சுச் சமையல்காரன் விழித்துவிட்டான். நான் அவனைக் கத்தவைக்க வாயெடுப்பதற்குள் பக்கத்திலிருந்த பெண், "அவனும் தும்முறான் அண்ணா, அவனுக்கும் சளி" என்றாள். இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினார்கள். சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்து அவனைக் கூட்டாளி ஆக்கிக்கொண்டார்கள். கடிதம் என்ன ஆனது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் போர் முடிந்தபின் அந்த ஆள் எங்கே போனான் என்று மூன்று வாரம் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் டச்சுத் தளபதி டிலனாயைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தது. குளச்சலில் பிடிபட்டு, மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே சேர்ந்து, அதற்குப் பயிற்சி கொடுத்து, 1777-ல் இங்கேயே இறந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். லத்தீனிலும் தமிழிலும் வெட்டிய அவருடைய கல்லறைக் கல்லில் தமிழ் வரிகளை விரலால் தடவித் தடவி வாசித்தார்கள். பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்த போர் அது.

தவறே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை கதை தொய்ந்துவிட்டது என்று நினைத்து, மூன்று வாரமாகப் பிள்ளைகளுக்கு உதவி செய்த மீன்காரியைத் திடீரென்று ஒற்றர் ஆக்கிவிட்டேன். மேசை அமைதியாகிவிட்டது. "அவங்க நம்மகிட்ட சத்தியம் பண்ணினாங்கல்லா அண்ணா" என்றான் ஒருவன். இடதுபக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மாதாமேல் சத்தியம் செய்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தோம். மேசையில் ஒருமுறை சொன்னது சொன்னதுதான், எனக்கு வசதியில்லை என்று அதை மாற்றக்கூடாது என்பது அன்று நான் கற்றது. நினைத்த நேரத்தில் புதிதாகச் சொல்வதற்கும் சட்டம் உண்டு. வாய்க்கு வந்ததைச் சொல்கிறவனால் இரண்டு வாரம்கூட அந்த எட்டுப் பிள்ளைகளைச் சமாளிக்க முடியாது, அவ்வளவு ஞாபகம் அவர்களுக்கு.

இப்போது ஆண்டுவிழா.

பின்னறையில் ஆடுவதை மேடைக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். அரை மணி நேரம், ஆறு பிள்ளைகள், இரண்டு மைக். நோட்டில் எழுதியிருந்தது கோட்டை வாசல், காவல் கிழவி, ஒரு புதிர், புதையல் அறை, அவ்வளவுதான். கிழவிக்குப் பெயர்கூட வைக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் தாண்டிப் போகிற ஆள். படகோட்டியாக ஆடும் பையன் பெயர் கேட்டான். "தங்கம்மை" என்றேன். "இந்த வயசுல ஏன் காவலுக்கு நிக்காங்க? பிள்ளைங்க இல்லையா?" என்றான். நான் யோசிக்காமல், "ஒரு மகன் உண்டு, கடலுக்குப் போனவன், வரல" என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. 2017 நவம்பர் 30, ஒகி புயல். அந்தப் பையனின் பெரியப்பா அந்த வாரம் கடலில் இருந்தவர். வரவில்லை. எனக்கு அது தெரியும், மேடை அவசரத்தில் மறந்துவிட்டேன். அது என் தவறு. அவன் அம்மாவிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மேசையின் நடுவே எப்போதும் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை இருக்கும். எக்ஸ் கார்டு என்று பல நாடுகளில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் வைத்திருப்பது. யாருக்காவது ஒரு காட்சி வேண்டாம் என்றால் அதைத் தொட்டால் போதும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம், அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிடுவோம். அன்று நான் அந்த அட்டையை மெதுவாக அவன் பக்கம் தள்ளினேன். அவன் அதைப் பார்த்தான். ஒரு விரலால் திரும்ப நடுவுக்குத் தள்ளிவிட்டு, மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "அந்தப் பாட்டிக்க மகனைத் தேடலாமா?" என்றான்.

யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. பூட்டுத் திறக்கிறவள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டாள். புதையலைப் பற்றி அதன்பின் ஒரு சொல் இல்லை. வள்ளத்தை எந்தப் பக்கம் விட வேண்டும் என்று அவன்தான் சொன்னான். நான் நீரோட்டம் என்றேன், நீவாடு என்று திருத்தினான். கச்சான் காற்று எத்தனை நாள் அடித்தால் எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று கைகளால் மேசைமேல் காட்டினான். ரப்பர் ஆற்றின் பெண் அவன் சொன்னதையெல்லாம் வரைந்துகொண்டே வந்தாள். நீங்கள் முன்வரிசையில் கடிகாரத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை.

14 வேண்டியிருந்தது. 9 விழுந்தது. மகன் கிடைக்கவில்லை, வள்ளம் மட்டும் கிடைத்தது. நான் பகடையைக் கையில் எடுத்து மறைத்து, கிடைத்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். அவன் 9-ஐப் பார்த்துவிட்டான், என்னையும் பார்த்தான். அப்புறம், "வள்ளத்தையாவது அவங்ககிட்ட கொண்டு குடுக்கணும்" என்றான். கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் பிள்ளைகள் அழுதார்கள். தங்கம்மையாக நான் என்ன பேசுவது? கையை நீட்டி, இல்லாத அந்தக் கயிற்றை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். விருந்தினர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்.

மறுநாள் மாலை அவன் அம்மா கடைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "ராத்திரி பெரியப்பாவப் பத்தி அவனா கேட்டான். விடியுற வரைக்கும் அவனுக்க அப்பா சொல்லிட்டிருந்தாரு" என்று சொல்லிவிட்டு, ஆதார் நகல் இரண்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேடையும் மைக்கும் அதற்கு ஏற்ற இடம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். விருந்தினர் முன் உங்களுக்கு ஏற்பட்ட சங்கடமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று நடந்ததைத் தடுக்கத்தான் இந்த விதி என்றால், அந்தப் பையன் "தேடலாமா" என்று கேட்டபோது நான் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டி "இல்லை, புதிருக்கு வா" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்ல என்னால் முடியாது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நான் கதைமேசை நடத்த மாட்டேன்.

எனவே நிர்வாகக் குழுவிடம் நான் கேட்பவை இவை.

கதையை முழுவதும் எழுதித் தர வேண்டும், அதற்கு வெளியே பேசக்கூடாது என்ற இரண்டு விதிகளையும் அடுத்த சனிக்கிழமைக்கு முன் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக நான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு பக்கம் எழுதித் தருகிறேன். என் நோட்டின் வலதுபக்கம் அப்படியே இருக்கும். அதோடு, அந்த வாரக் கதையில் எதெல்லாம் வரவே வராது என்பதும் இருக்கும். பிள்ளைகளின் வீட்டில் நடந்த துக்கங்கள், தவிர்க்க வேண்டிய சங்கதிகள் இருந்தால் பெற்றோர்கள் என்னிடம் தனியாகச் சொல்லலாம். ஆண்டுவிழாவில் செய்த தவறு இன்னொரு முறை நடக்காமல் இருக்க எனக்கு அது தேவை.

பகடைப் பெட்டியைத் திருப்பித் தாருங்கள். சூதாட்டம் என்ற சொல்லை அறிவிப்பிலிருந்து நீக்குங்கள். அந்தச் சொல்லைப் பலகையில் வாசித்துவிட்டு ஒரு பிள்ளை, "நாம தப்பா அண்ணா பண்ணிட்டிருந்தோம்?" என்று கேட்டாள். புதிய தாளை நானே அச்சடித்துத் தருகிறேன்.

இனி எந்த விழாவிலும் கதைமேசையை மேடையேற்றச் சொல்லாதீர்கள். விழாவுக்கு ஏதாவது வேண்டும் என்றால் பிள்ளைகள் வரைந்த வரைபடங்களைச் சுவரில் மாட்டலாம், ரப்பர் ஆறு உட்பட.

கடைசியாக, குழுவிலிருந்து ஒருவராவது ஒரு சனிக்கிழமை வந்து உட்காருங்கள். ஓரத்தில் நாற்காலி போட்டுப் பார்ப்பதற்கு அல்ல, ஆடுவதற்கு. தலைவர் ஐயாவுக்கும் செயலாளர் அண்ணனுக்கும் இரண்டு பாத்திரத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன். பெயர் எழுதும் இடத்தை நிரப்பவில்லை. நான்கு மணிக்குத் தொடங்கும், ஆறு மணிக்கு முடியும். அதன்பிறகும் விதி வேண்டும் என்று தோன்றினால், பெற்றோர்களையும் வைத்துக்கொண்டு பேசுவோம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல நான் தயார்.

பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கடையை அடைத்ததும் நானே வந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமைக் கதைமேசை நடத்துகிறவன்,
தக்கலை வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்